நெலியின் தேங்காய்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வாசலில் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பெப்ரவரி மாதம். ஐந்தரை மணி நேரம் பறந்து பனாமா நகரம். மறுநாள் விடியற்காலை மலைப்பாதையில் மூன்று மணி நேர ஜீப் ஓட்டம். பாதை முடிகிற இடத்தில் கடல் தெரிந்தது. கூனா என்னும் பழங்குடி மக்களின் தீவுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

என் கணவர் ராசன், டொரொன்டோத் தீவுக்குப் போகும் ஃபெரியில்கூட ஏறாதவர். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு அவர் போன படகு கவிழ்ந்து, தம்பி குமாரைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு அவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை. நான் ஓய்வு பெற்றபோது கேட்ட ஒரே பரிசு இந்தப் பயணம்; மறுக்க வழியில்லாமல் வந்தார்.

எங்களை ஏற்றிய பாய்மரப் படகு பெரியது. முதல் நாள் முழுவதும் ராசன் உள்ளறையில் சுருண்டு கிடந்தார். நான் மேல்தட்டில் மல்லாந்து கிடந்தேன். தென்னைகள் மட்டுமே நிற்கும் சின்னஞ்சிறு தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்து விலகிப் போயின. தூங்கினேனா விழித்திருந்தேனா, எனக்கே தெரியாது.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு தீவின் மரத்துறையில் படகைக் கட்டினார் படகோட்டி மத்தேயோ. அவர் கொலம்பியாக்காரர், ஆங்கிலம் பேசுவார். பின்னேரம் அலை கூடிய வெளிக்கடலால் போகவேண்டும் என்றார். கரையில் இறங்கி நின்ற ராசனின் முகம் கறுத்தது.

"ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் ஏறுவன். இல்லாட்டி நீர் தனியப் போம்."

"இஞ்சை பிள்ளையார் கோயில் எங்கையப்பா இருக்கு?"

"அவர் எங்கையும் இருப்பார்."

விழுந்து கிடந்த ஒரு தேங்காயை எடுத்தார். பக்கத்தில் மணலில் கூரான தடியொன்று நட்டிருந்தது. தேங்காய் உரிக்கிற தடி! மனுசனுக்கு உயிர் வந்துவிட்டது. நாலு குத்தில் உரித்து, கல்லில் ஓங்கி அடித்தார். சரிபாதியாகப் பிளந்தது. தடி நட்டிருந்தால் அதை நட்டவரும் இருப்பாரே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளமொன்றில் ஒரு பெண் வேகமாக வலித்து வந்தாள். சிவப்பு முக்காடு, காலில் கெண்டைவரை மணிச்சரம், சட்டையில் அடுக்குத் துணியில் வெட்டித் தைத்த மீன்கள். பெயர் நெலி. அவள் சத்தம் போட்டது ஸ்பானிய மொழியில், ஆனாலும் அவள் கோபம் எங்களுக்கு நன்றாகவே விளங்கியது. மத்தேயோ ஓடிவந்து மொழிபெயர்த்தார். இங்கே ஒவ்வொரு தென்னைக்கும் உரிமைக்காரர் உண்டு, விழுந்த காய்க்கும் உண்டு. கேளாமல் எடுப்பது திருட்டு.

"ஐயோ, கள்ளன் எண்டே சொல்லுறா?" ராசன் பணப்பையை எடுத்தார். நெலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உடைந்த காயை வியாபாரி வாங்கமாட்டான். இன்றைக்கே சமைக்கவேண்டும். உடைத்தவர் வந்து துருவட்டும்," என்று அவள் சொன்னதை மத்தேயோ மொழிபெயர்த்தார்.

அவள் வீடு எதிர்த்தீவில். போவதற்கு அந்த வள்ளம்தான். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளிகூட இல்லை.

"நீங்கள் நில்லுங்கோ, நான் போய்த் துருவிக் குடுக்கிறன்," என்றேன்.

அவர் உடைத்த தேங்காயைப் பொறுக்கி எடுத்தார். "நானெல்லே உடைச்சனான்," என்றுவிட்டு ஏறிக் குந்தினார். மடியில் இரண்டு பாதித் தேங்காய். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பின்னால் நான், எனக்கும் பின்னால் துடுப்போடு நெலி.

நடுவழியில் காற்று ஓய்ந்தது. கீழே வெள்ளை மணலும் எங்கள் நிழலும் தெரிந்தன. ராசன் கண்ணைத் திறந்து, மெல்லக் கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

"இளஞ்சூடாக் கிடக்கு," என்றார். "அண்டைக்கு நல்ல குளிர். குமார் நடுங்கிக்கொண்டு இருந்தவன்."

இத்தனை வருடத்தில் தம்பியின் பெயரை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை.

நெலியின் குடிசையில் அவர் துருவிய வேகத்தைப் பார்த்து வீடே சிரித்தது. மீனும் வாழைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சூப்பை எல்லாருமாகக் குடித்தோம். ராசன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். பிறகு தூளிப்படுக்கையில் படுத்து, கடலைப் பார்த்தபடியே உறங்கிப்போனார். வெளிக்கடலுக்கு அடுத்த நாள்தான் போனோம்.

டொரொன்டோவில் பனி கரைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீவுக்குப் போவோமா என்று அவராகவே கேட்டார். ஃபெரியில் பதினைந்து நிமிடம்தான். வழியில் தமிழ்க் கடையில் காரை நிறுத்தினேன்.

"தேங்காய் ஒண்டு வாங்கட்டோ?"

"வேண்டாம்," என்றார் ராசன். "குமாருக்குக் கொஞ்சம் பூ வாங்கும். தண்ணியிலை விடுவம்."