உளுந்துத் தகரம் மாட்டாத நாள்

டாக்டர் ஹாஜிரா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் பஸ் கண்டக்டர். வழக்கம்போல் சிங்கவரத்தில் காலை பஸ் ஏறி செஞ்சிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டிக்கெட்டைக் கிழிக்காமல் என் முகத்தையே பார்த்தவர், "இன்னா சிஸ்டர், சேதி தெரியாதா? டாக்டரம்மா பூட்டாங்க. காலைல தொழுதுட்டு ஒக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. முந்தின நாள் மாலை டாக்டரம்மா தன் ஜீப்பின் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "காலைல மாட்டிக்கலாம் அஞ்சலை, நீ பஸ்ஸ புடி" என்று என்னை அனுப்பியிருந்தார். ஐயோ, சக்கரத்தை மாட்டவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. மனசு அந்த நேரத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களில் பலரை அன்று அந்த வீட்டு வாசலில் பார்த்தேன். என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தீர்கள். கைராசி என்றீர்கள், தங்கமான குணம் என்றீர்கள். எல்லாம் சரி. ஆனால் ஒரு பேச்சு மட்டும் வாசலிலிருந்து கூடம்வரை வாய்க்கு வாய் நடந்தது. "பனமலைப் பக்கத்து ஜனங்க அவங்க கைய எரிச்சாங்க. அந்த மகராசி மன்னிச்சி வுட்டாங்க." அதைக் கேட்டபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அவரிடம் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். அந்தக் கை எரிந்த நாளில் ஜீப்பில் இருந்தவளும் நான். அதனால் இதை எழுத எனக்குப் பாத்தியதை உண்டு.

அந்த ஜீப்பை உங்களுக்கெல்லாம் தெரியும். ராணுவத்தில் உழைத்துத் தேய்ந்து ஏலத்துக்கு வந்த வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். மழைக்காலத்தில் ஏரி வழிந்து பாதையெல்லாம் சேறாகும்போது மாட்டு வண்டி போகாத ஊருக்கும் அது போகும். டாக்டரம்மா அதை ஒர்க் ஷாப்புக்கு அனுப்பியதே இல்லை. அங்கே விட்டால் நாளைக்கு வா, மறுநாள் வா என்பார்கள், அதற்குள் எந்த ஊரில் யாருக்கு வலி எடுக்குமோ என்பது அவர் சொல்லும் காரணம். உண்மைக் காரணம் வேறு. அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. புடவைக்கு மேல் அண்ணனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விடுவார். ஒருமுறை அடியிலிருந்தபடியே சொன்னார்: "வயித்தத் தொறக்கும்போது எனக்கு இன்னிக்கும் பயமா இருக்குது அஞ்சலை. பானெட்ட தொறந்தா பயமே இல்ல. இது செத்தா மறுபடியும் எழுப்பிடலாம்."

அவருடைய அண்ணன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய். தங்கைமேல் உயிர், ஜீப்மேல் எரிச்சல். ஒருநாள் கடைச் சரக்கு எடுத்துவர அதை ஓட்டிப்போனவர், கீழே இருக்கும் சின்ன லீவரை இழுத்துவிட்டார். நாலு சக்கர இழுவை விழுந்துவிட்டது. காய்ந்த தார் ரோட்டில் அப்படி ஓட்டினால் உள்ளே எல்லாம் முறுக்கிக்கொள்ளும், லீவர் திரும்பி வராது. பஸ் ஸ்டாண்டு முனையில் வண்டி விறைத்துக்கொண்டு நிற்க, பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்க, பாய் வியர்த்து வழிந்தார். கிளினிக்கிலிருந்து ஸ்டெதஸ்கோப்பும் கழுத்துமாக டாக்டரம்மா நடந்து வந்தார். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். முறுக்கு விட்டு லீவர் தானாக வந்தது. "அண்ணே, இவ நாலு காலால நடக்கணும்னா சேறு வேணும். தார் ரோட்டுக்கு ரெண்டு காலு போதும்" என்றார். கடைத்தெருவே சிரித்தது. பாய் அதன் பிறகு அந்த வண்டியைத் தொடவில்லை.

இப்போது உளுந்துத் தகரத்தைச் சொல்கிறேன். பங்குனி பிறந்தால் பிடுங்கிய உளுந்துச் செடியை நம் பக்கத்தில் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப்போக, காய் உடைந்து மணி உதிரும். அது சரியான வழக்கம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் களம் வைத்திருப்பவன் களத்தில் அடிப்பான். துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவனுக்கு ரோடுதான் களம். நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தான். மற்ற வண்டிகள் தப்பித்துவிடும். இந்த ஜீப்பில் முன்சக்கரத்துக்கும் ஒரு இரும்புத் தண்டு சுழன்றுகொண்டு போகும், பக்கத்திலேயே கொதிக்கும் சைலன்சர் குழாய். காய்ந்த கொடி தண்டில் சுற்றிக்கொண்டு குழாயில் பட்டால் தீதான். அதனால் எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி, அந்த இரண்டுக்கும் அடியில் மறைப்பாக ஒரு தகரம் செய்திருந்தார். வருஷா வருஷம் பங்குனிக்கு முன்னால் மாட்டுவார். உளுந்துத் தகரம் என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார்.

அந்த வருஷமும் மாட்டியிருந்தார். தண்டுக்கு கிரீஸ் அடிப்பதற்காக அன்று காலைதான் கழற்றினார். கிரீஸ் அடித்து முடிப்பதற்குள் பனமலைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஆள் ஓடிவந்தான். பெண்டாட்டிக்கு வலி, பிள்ளை திரும்பவில்லை என்றான். கையைத் துடைத்தபடியே ஏறி வண்டியை எடுத்துவிட்டார்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு திரும்பும்போது ரோடு முழுக்க உளுந்து. ஏறித்தான் வந்தோம். கொஞ்ச தூரத்தில் கருகல் வாசனை, பிறகு கால்மாட்டில் புகை. வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தார். "அஞ்சலை, நீ மொதல்ல அவள எறக்கு" என்று சொல்லிவிட்டு அடியில் போய்விட்டார். ஓட்டுகிறவர் உட்காரும் இடத்துக்குக் கீழேதான் பெட்ரோல் டாங்க். நானும் புருஷன்காரனும் அந்தப் பெண்ணை இறக்கி ஓரத்துக்குத் தூக்கிப்போகும் வரை, எரிகிற கொடியை வெறுங்கையால் பிய்த்துப் பிய்த்து வெளியே எறிந்துகொண்டிருந்தார். உளுந்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். கன்னியம்மா என்பவள் குடத்துத் தண்ணீரோடு வந்து வண்டிக்கு அடியிலும் அவர் கையிலும் ஊற்றினாள். வண்டி பிழைத்தது. பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி கிளினிக்குக்கு வந்தோம். டாக்டரம்மா வாயால் சொல்லச் சொல்ல, என் கையால் அந்தப் பிள்ளையை எடுத்தேன். தாயும் பிள்ளையும் இன்றும் நன்றாக இருக்கிறார்கள்.

மறுநாள் பாய் போலீஸ் ஏட்டை அழைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார். உளுந்து போட்டவர்கள்மேல் கேஸ் போட வேண்டும் என்று நின்றார். டாக்டரம்மாவுக்கு வலது கை முழுக்கக் கட்டு. அப்போது அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "ஏட்டையா, ரோட்ல உளுந்து போடறது வருசா வருசம் நடக்குது. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் தகரம் செஞ்சேன். கழட்டினவ நானு, மாட்டாம போனவ நானு. தப்பு என்னோடது. எழுதிக்குங்க." பாய் பல்லைக் கடித்தார். "உனக்குப் பெரிய மனசுன்னா எனக்குமா?" என்றார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "பெரிய மனசு இல்லண்ணே. நடந்தத சொல்றேன். நீ என்னய நல்லவளாக்காத" என்றார்.

காயம் ஆறியது, இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஸ்பேனர் பிடிக்க முடிந்தது, தையல் ஊசி பிடிக்க முடியவில்லை. ஆபரேஷன் செய்ய வேண்டியவர்களை எல்லாம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அனுப்பினோம். எல்லோரும் உயிரோடு போய்ச் சேரவில்லை. அப்படி ஒருத்தியின் சாவுச் செய்தி வந்த நாளில் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "இந்தப் பாழாப்போன வண்டிய மெக்கானிக்கிட்ட குடுத்திருந்தா கை இருந்திருக்கும். இவளும் இருந்திருப்பா" என்றேன். பதிலுக்குக் கத்துவார் என்று நினைத்தேன். "குடுத்திருக்கலாம்" என்றார். மறுநாளும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். அந்தப் பிடிவாதத்தை என்னால் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே வருகிறது.

வாசலில் நீங்கள் மன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கடையின் நிழலில் நாலைந்து பெண்கள் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கன்னியம்மாவும் அவள் ஊர்க்காரர்களும். உள்ளே வரவில்லையா என்றேன். "எப்படிக்கா வர்றது?" என்றாள் கன்னியம்மா. "எங்களாலதான அந்தக் கை போச்சி. அவங்க மன்னிச்சாங்கன்னு ஊரே சொல்லுது. மன்னிச்சாங்கன்னா நாங்க செஞ்சோம்னுதான அர்த்தம்? அந்த வருசத்துலேர்ந்து ரோட்ல நான் உளுந்து போடல. ராத்திரில அந்தக் கை கருகின வாசன வர்ற மாதிரியே இருக்குது."

அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். பாய் நின்றிருந்தார். அழுது அழுது கண் சிவந்திருந்தது. "பாய், ஏட்டுக்கிட்ட டாக்டரம்மா சொன்னத இவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தகரத்த மாட்டலன்னு சொன்னா. தப்பு என்னோடதுன்னு சொன்னா" என்றார். சொல்லிவிட்டு வழியை விட்டு நகர்ந்து நின்றார். "உள்ள வாம்மா" என்றார். கன்னியம்மா உள்ளே போய்க் கால்மாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, கட்டுப் போட்ட கையோடு "எழுதிக்குங்க" என்று சொன்ன அந்தக் குரலைத்தான். அது தாழவும் இல்லை, உயரவும் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவரை நல்லவர் என்று சொல்லுங்கள், பிடிவாதக்காரி என்றும் சொல்லுங்கள். மன்னித்தவர் என்று மட்டும் இனி சொல்லாதீர்கள். நீங்கள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கையில் தண்ணீர் ஊற்றியவள் மறுபடியும் குற்றவாளி ஆகிறாள்.