பெரியப்பா கட்டிய சங்கீத மண்டபம்

மோசமான பாடகர்களால் கெட்டுப்போன கச்சேரிகள் ஏராளம். நல்ல பாடகி ஒருவரை மண்டபமே கெடுத்த கச்சேரி எங்கள் அரியலூரில் நடந்தது. அந்த மண்டபம் பிரமாதம் என்று ஒப்புதல் வழங்கிய நிபுணர் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கட்டியவர் என் பெரியப்பா. காண்டிராக்டர். என்ஜினியருக்குப் படிக்கவில்லை என்றாலும் என்ஜினியர்களைத் திட்டும் அளவுக்கு அனுபவம் இருந்தது. கச்சேரி கேட்கத் திருச்சிக்கு பஸ் ஏறும் ஊரில் பாட்டுக்கென்று ஒரு மண்டபம் வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்களிடம் நடையாய் நடந்தவரும் அவரே. திறப்பு விழாவில் அத்தைதான் பாடவேண்டும் என்பதை மட்டும் அஸ்திவாரம் தோண்டும்போதே சொல்லிவிட்டார்.

அத்தை அவருடைய ஒரே தங்கை. கல்யாணத்துக்கு முன் கோயில் விழாக்களில் பாடிக்கொண்டிருந்தவர். வேப்பந்தட்டையிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள், “பாட்டெல்லாம் இதோட சரிங்க” என்றார்கள். தாத்தா அப்போது உயிரோடு இல்லை; தலையாட்டியவர் பெரியப்பா. அந்த ஒரு தலையாட்டலுக்கு ஈடாகத்தான் இவ்வளவு பெரிய கட்டடம் எழும்பியது என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் ஊர் எங்களுடையது. எதைக் கட்டினாலும் சிமெண்டால் கட்டவேண்டும், கட்டியதைக் கண்ணாடியாய் இழைக்கவேண்டும் என்பது இங்கே ஒரு மதம். மண்டபச் சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கூரை, கவிழ்த்துவைத்த அண்டா. கொத்தனார் மட்டும் தயங்கினார்.

“சினிமா கொட்டாயில சத்தம் அடங்கச் சுவத்துக்குச் சாக்கு அடிப்பாங்க சார். இங்கயும் அடிச்சிடலாம்ங்க.”

“அரியலூர்ல உக்காந்துக்கிட்டுச் சுவத்துக்குச் சாக்கு போத்துனா ஊரே சிரிக்கும்யா.”

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் பெரியப்பா மேடையில் நின்று ஒருமுறை கைதட்டினார். கடைசி வரிசையில் நான்.

“கேக்குதா பாப்பா?”

“ஒரு தடவ தட்டுனா மூணு தடவ கேக்குது பெரியப்பா!”

“பாத்தியாய்யா?” என்று அவர் கொத்தனாரைப் பார்த்த பார்வையில், ஒன்றுக்கு மூன்றாகக் கொடுக்கும் வள்ளலின் பெருமை இருந்தது.

மறுநாள் மாலை அத்தை அரக்குப் பட்டு உடுத்தி மேடையேறினார். பாட்டுக்குத் தடை போட்ட மாமியார் காலமாகிவிட்டார்; கல்யாணத்துக்குப் பிறகு அத்தை பாடும் முதல் பாட்டு. முதல் வரியை அவர் பாடி முடித்ததும் சுவர்கள் அதைப் பாடத் தொடங்கின. இரண்டாம் வரிக்கு அவர் வந்தபோது முதல் வரி இன்னும் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது; இரண்டும் மோதிக் கூழாயின. மிருதங்கம் தகர டப்பா உருண்டதுபோல் கேட்டது. பிடில்காரர் அத்தை பக்கம் குனிந்தார். “நான் நிறுத்தினதுக்கப்புறமும் சுவரு வாசிக்குதேம்மா” என்று அவர் முணுமுணுத்ததையும் மைக் பிடித்துக்கொண்டது. பின்வரிசை சிரித்தது. உதவுவதாக நினைத்து நான் பலமாகக் கைதட்டினேன். அதுவும் மூன்று தடவை கேட்டது.

இரண்டாவது பாட்டின் நடுவில் அத்தை தொண்டையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க. குரல் கட்டிக்கிச்சு.”

வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியப்பா தலையைக் குனிந்தபடியே நடந்தார். அத்தைதான் பேசினார்.

“மண்டபம் அருமையா இருக்குண்ணே. நேத்து ஐஸ் தண்ணி குடிச்சேன், அதான் தொண்ட கவுத்துடுச்சு.”

“நெசமாவா?”

“பின்ன? அடுத்த தடவ பாரு.”

பெரியப்பா நிம்மதியாய் மூச்சுவிட்டார். நானும் அதை முழுதாக நம்பி, படுக்கும்முன் பனங்கற்கண்டும் மிளகும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை மறுக்காமல் மென்றார்.

காலையில் அடுப்படியிலிருந்து பாட்டு வந்தது. மேடையில் நின்றுபோன அதே பாட்டு; பிசிறில்லாமல், ஒரு வரி முடிந்து மறுவரி தொடங்க நடுவே சுத்தமான அமைதியோடு. என் வைத்தியம் பலித்துவிட்டது! பேப்பரில் விழாச் செய்தி தேடிக்கொண்டிருந்த பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். “கேளுங்க பெரியப்பா, அத்தைக்கு ஒரே ராத்திரியில தொண்ட சரியாயிடுச்சு!”

பாட்டு முடியும்வரை அவர் கதவோரம் நின்றார். திரும்பிய அத்தை அவரைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். பெரியப்பா செருப்பு மாட்டாமல் தெருவில் இறங்கிப் போனார்.

அந்த மண்டபத்துக்குள் அவர் பிறகு கால் வைக்கவில்லை. அத்தையும் எங்கள் காதுபடப் பாடவில்லை. மண்டபத்துக்கு மட்டும் குறையில்லை. ஐம்பது பேர் தட்டினால் நூற்றைம்பது பேர் தட்டியதாகக் கேட்பதால் கட்சிக்காரர்கள் இன்றும் கூட்டம் போட அதைத்தான் வாடகைக்குப் பிடிக்கிறார்கள்.

அன்று காலை என் கவலை வேறு. இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டுவந்த என்னை ஒருவர்கூட ஏன் பாராட்டவில்லை என்று, சாப்பிடாமல் சாயங்காலம்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.