சைபர் அறையில் ஒரு குச்சி

"கொல்லம் ஆண்டு 1128, கும்ப மாதம். சைபரில் இன்றும் ஒரு குச்சி. காரணம் தெரியவில்லை."

நான் எழுதிவைத்த குறிப்பு இது. ஆங்கிலக் கணக்கில் 1953 பிப்ரவரி அல்லது மார்ச். நாளைக் குறிக்காமல் விட்டிருக்கிறேன். என் வழக்கத்துக்கு மாறானது அது. அந்த அளவுக்குக் குழம்பியிருந்தேன் போலிருக்கிறது.

அப்போது கரமனையில் ஒரு சிறிய பள்ளியில் மாண்டிசோரி முறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்கென்று ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் சைபர் முதல் ஒன்பது வரை எண் எழுதிய அறைகள். பக்கத்துக் கூடையில் நாற்பத்தைந்து குச்சிகள். அந்தந்த அறையில் அந்தந்த எண்ணிக்கையில் குழந்தை குச்சிகளைப் போட வேண்டும். சரியாகப் போட்டால் கூடை காலியாகும், சைபர் அறையும் காலியாக இருக்கும். தவறினால் கடைசியில் குச்சி மிஞ்சும் அல்லது குறையும். குழந்தை அதைத் தானே கண்டுகொள்ளும். ஆசிரியை வாய் திறக்கக் கூடாது.

ஆரியசாலையில் அரிசி மொத்த வியாபாரம் செய்த ஒருவரின் மகள், ஐந்து வயதுக்காரி, சைபர் அறையில் ஒரு குச்சியைப் போட்டுவிட்டுத்தான் எண்ணவே தொடங்குவாள். ஒன்பதுக்கு வரும்போது கூடையில் எட்டுதான் இருக்கும். அவள் கலங்க மாட்டாள்.

"டீச்சர், ஒரு குச்சி குறையுது. கடையில வாங்கிப் போடுங்க."

சைபர் புரியாதவளா என்றால் அதுவும் இல்லை. "சைபர் தடவை கை தட்டு" என்று சொன்னால் மற்றப் பிள்ளைகள் ஒரு தட்டாவது தட்டிவிட்டுச் சிரிப்பார்கள். இவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பாள். கைக்குத் தெரிந்த சைபர் பெட்டிக்கு வந்ததும் எங்கே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

தலைமையாசிரியைக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "பெட்டியைச் சரியாப் போட்டாத்தான் ஒண்ணாங்கிளாஸ், கேட்டியோ? நீ அவளுக்காகப் பரிஞ்சு பேசாண்டாம்" என்றார். தகப்பனாரை வரவழைத்தோம்.

"இந்த வருசம் மேல போவலன்னா ஊர்ல அவ சித்தி வீட்டுல விட்டிருதேன், டீச்சரம்மா. இங்க வச்சுப் பாக்க ஆளில்ல" என்றார் அவர். சிறுமி அவர் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவரே பார்க்கட்டும் என்று பெட்டியை எடுத்துவைத்தேன். அவள் வழக்கம்போல் சைபரில் ஒரு குச்சியைப் போட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

"சரியாத்தான போடுதா?"

"அது சைபர். அதில ஒண்ணும் இருக்கப்படாது" என்றேன்.

"காலியாவா? கடை அடைக்கையில அளக்குற மரக்கால்ல ஒரு பிடி அரிசி போடாம வச்சா வெளங்குமா? அதத் தெனமும் இவ கையாலதான் போடச் சொல்லுதேன்."

"இது ஸ்கூலாக்கும், உங்க கடையில்லை!" என்றார் தலைமையாசிரியை.

"கணக்கு ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதானம்மா."

காரணம் தெரிந்த பிறகு என் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவளுக்குச் சைபர் தெரியும்; ஆனால் அளக்கிற ஒன்றை வெறுமையாக விட மனம் வராது. இதில் நான் திருத்த வேண்டியது எதை? சைபரின் வரலாறு பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காலிப் பெட்டியைக் கண்டு ஒரு குழந்தை ஏன் சங்கடப்படுகிறது என்று எவரும் எழுதியிருக்கவில்லை.

கோடை விடுமுறைக்கு முன் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டுப் பெட்டியின் முன் உட்கார வைத்தார். சிறுமி சைபர் அறையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. மூடிய கையை அந்த அறைக்குள் விட்டு எடுத்தாள். தொட்டுப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஒன்பதில் ஒன்பது குச்சிகள் இருந்தன.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "காலி" என்றார். ஒன்றாம் வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டார். சித்தி வீட்டுப் பேச்சு அதோடு நின்றது.

மாலையில் பெட்டியைத் துடைத்தபோது சைபர் அறையின் மூலையில் ஓர் அரிசி மணி கிடந்தது. அந்த வகுப்பிலேயேதான் பிள்ளைகள் ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு அரிசி ஊற்றிப் பழகுவார்கள், அதிலிருந்து சிந்தியிருக்கலாம். அந்தப் பயிற்சிக்கு நாங்கள் வைத்திருந்தது பச்சரிசி; புழுங்கலென்றால் அது வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நான் கண்டது பச்சரிசியா புழுங்கலா என்று பார்த்து வைக்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. அதை அவள்தான் போட்டாளா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.