கும்பத்து மண்ணும் லாக்ஸ் முட்டையும்

மீனைப் பற்றி என் பெரியப்பாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கேட்கவே வேண்டாம், அவரே சொல்வார். இளம் வயதில் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் நின்று மீன் வெட்டியவர். அவர் கைக்கு வந்த மீனெல்லாம் தலையில்லாமல் வந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

ஒஸ்லோ நகரத்தின் நடுவால் ஓடும் அக்கர்செல்வா ஆற்றில் சால்மன், இங்கத்தைய பேச்சில் லாக்ஸ், முட்டையிட வேண்டுமென்று நாங்கள் கொஞ்சப்பேர் மாய்ந்து மாய்ந்து உழைத்தோம். ஆற்றுக்குள் கிடந்த பழைய சைக்கிள்களை இழுத்துப் போட்டோம். வாளி வாளியாக உருண்டைக் கல் சுமந்து, ஆழமில்லாத ஓரிடத்தில் பரப்பினோம். முதுகு நோவோடு ட்வெய்ட்டா வீட்டுக்குத் திரும்புவேன். "படிச்ச பிள்ளைக்கு ஏன் இந்தக் கூலி வேலை?" என்பார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கும் பெரியப்பா, தட்டில் சால்மன் பொரியலை அள்ளிப் போட்டபடி.

இலையுதிர்காலத்தில் ஒரு பெண் சால்மன் வந்தது. வாலால் கல்லைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போனது. எங்கள் கல்லில் அதுதான் முதல் முட்டை. கரையில் நின்று அழுதேன், அதற்கு எனக்கு வெட்கமில்லை. வசந்தம் வரை அந்த இடத்தை ஒருவரும் மிதிக்காமல் இருந்தால் போதும்.

அந்த வருடம் நவராத்திரி பிந்தி வந்தது. கும்பத்தில் முளைத்த நவதானியத்தை மண்ணோடு ஓடும் தண்ணீரில் விட வேண்டும். எல்லிங்ஸ்ருட்டில் உள்ள தன் வீட்டிலிருந்து பெரியம்மாவோடு காரில் வந்த பெரியப்பா, முழு ஆற்றையும் விட்டுவிட்டு, நான் முட்டைக் குழியைப் பார்க்கப் போயிருந்த இடத்துக்கே வந்தார். அங்கேதான் கல் சமமாகக் கிடந்ததாம், சறுக்காதாம்.

"பெரியப்பா, இறங்காதேங்கோ! கல்லுக்குக் கீழை லாக்ஸ் முட்டை கிடக்கு."

"மீனைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தாறியோ? இது சாமி காரியம், பிள்ளை."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் பூட்ஸோடு போய்க் குழியின் மேலேயே நின்றார். குளிருக்குக் கால் மாற்றி மாற்றி மிதித்தார். கும்பத்தைக் கவிழ்த்தார். பெரியம்மா கரையில் நின்று வீடியோ எடுத்தார். சீ, என்ன மனிதர்கள்! எனக்கு அருவருத்தது.

கலங்கல் வடிய, கிளறுண்ட கல்லிடுக்கிலிருந்து செம்மஞ்சள் முட்டைகள் உருண்டு வந்தன. சின்ன மீன்கள் ஓடிவந்து கவ்வின.

"பாத்தியோ, எங்கடை தானியத்தை மீன் தின்னுது! எவ்வளவு புண்ணியம்!"

"அது தானியமில்லை, பெரியப்பா. முட்டை."

குனிந்து பார்த்தார். கண்டுவிட்டார். முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு பெரியம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உந்தத் துண்டை வீடியோவிலை இருந்து வெட்டி எறிஞ்சுபோட்டு, மிச்சத்தை ஊருக்கு அனுப்பும்."