இருபத்து நாலு பன்

எர்லீன் ஷிமெக் உருளைக்கிழங்கு சாலட் செய்வதில் கெட்டிக்காரி என்று டெக்சஸின் அந்தச் சிற்றூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருடமாக, ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துக்கு அண்ணன் ஆல்வின் வீட்டுக் கொல்லையில்தான் மாட்டு நெஞ்சுக்கறி புகையில் வேகும். எர்லீன் சாலட் குண்டானைத் தூக்கிக்கொண்டு போவாள். அடுப்பை எட்டிப் பார்த்தால் போதும், "தள்ளு தங்கச்சி, கண்ணுல புகை படும்" என்பார் ஆல்வின். முப்பது வருடமாகச் சைலன்சர் கடையில், காருக்கு அடியில் படுத்துக்கிடந்து வெல்டிங் வைக்கிறவளிடம் சொல்லுகிற பேச்சா இது?

ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குப் பொறுமை தீர்ந்துபோயிற்று. தானே ஒரு புகையடுப்பு செய்துவிடுவது என்று, ஒரு பண்ணையில் துருவேறிக் கிடந்த காலி கேஸ் டாங்கை வாங்கி வந்தாள். அதில் நாள்கணக்கில் தண்ணீர் நிரப்பி வைத்து, வாடை அறவே போன பிறகுதான் கைவைத்தாள். கதவுக்குக் கீல் வரும் பக்கத்தை மட்டும் முதலில் வெட்டி, கீலைப் பற்றவைத்த பிறகே மற்ற மூன்று பக்கங்களை வெட்டினாள். அவசரப்பட்டு மொத்தமாக வெட்டியிருந்தால் இரும்பு கோணிக்கொண்டு, கதவு ஜென்மத்துக்கும் மூடாது. ஒரு முனையில் விறகுப் பெட்டி, மறுமுனையின் உச்சியில் புகைபோக்கி. வேலை முடிந்ததும் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

ஆல்வின் வந்து சுற்றிப் பார்த்தார்.

"லட்சணமாத்தான் இருக்கு. பன் வச்சுப் பாத்தியா?"

புது அடுப்புக்கு அந்த ஊரில் அதுதான் பரீட்சை. கம்பித்தட்டு முழுக்கப் பச்சை மாவுப் பன்களை அடுக்கி வைத்தால், எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று அவை காட்டிக்கொடுத்துவிடும்.

"எல்லாம் ஒரே நிறத்துல வந்துச்சுன்னா இந்த வருஷம் கறி உன் பொறுப்பு."

"வரலேன்னா?"

"சாலட்ல கடுகைக் கொஞ்சம் தூக்கலாப் போடு."

இருபத்து நாலு பன் வைத்தாள். நெருப்புப் பக்கம் கரி, கடைசிப் பக்கம் வெறும் மாவு. ஆல்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நடுவுல ரெண்டு தேறும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாமா?"

அவர் போன பிறகு எர்லீனுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கதவைத் திறந்து குனிந்து உள்ளே பார்த்தாள். புகை நேராக மேலே ஏறி, தட்டைத் தொடாமலே உச்சி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அட, இது காராக இருந்தால் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். உச்சித் துளையை அடைத்தாள். புகைபோக்கியின் வாயைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கினாள். நெருப்புப் பக்கம் ஒரு கனத்த தகடு போட்டு மறைத்தாள்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு மறுபடி இருபத்து நாலு பன். கதவைத் திறந்தாள். அத்தனையும் ஒரே பொன்னிறம்.

ஆல்வின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று பிட்டுத் தின்றார். மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். வண்டிக் கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

"தங்கச்சி, சாலட் எத்தனை பேருக்குச் செய்யணும்?"

எர்லீனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நாப்பது பேருக்கு, அண்ணே. கடுகைப் பாத்துப் போடு!"