ஆறு மூலைக் கல்

மைக்ரோஸ்கோப்பில் என் சிறுநீரின் ஒரு சொட்டை டாக்டர் காட்டினார். ஆறு மூலைத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அழகாகத்தான் இருந்தன, சனியன்கள். வலது சிறுநீரகத்தில் அறுத்தெடுத்த கல்லும் இதுதானாம்.

சிஸ்டெயின் என்று கந்தகம் உள்ள அமினோ அமிலம் ஒன்று. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால், இரண்டிரண்டாகக் கந்தகத்தோடு கந்தகம் சேர்ந்து சிஸ்டின் ஆகிவிடும். தலைமுடிக்கு உறுதி தருவதும் அந்தப் பிணைப்புதான். மற்றவர்களின் சிறுநீரகம் சிஸ்டினைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். என்னுடையது பிறவியிலேயே கோட்டை விட்டுவிடுகிறது. அது தண்ணீரில் லேசில் கரையாது. சிறுநீர் சுண்டினால் கல்தான்.

“தினம் நாலு லிட்டர் தண்ணி குடிக்கணும். இன்னொரு கல் வந்தா இந்த கிட்னி தாங்காதும்மா” என்றார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அது தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கி, கார்மெண்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். கழிப்பறைக்குப் போக, லைனில் இருந்த முப்பது பேருக்கும் சேர்த்து ஒரே பாஸ், கயிறு கட்டிய மரப்பலகை. சாப்பாட்டு நேரம் தவிர, அது இல்லாமல் மிஷினை விட்டு எழ முடியாது. அதனால் காலையில் ஒரு வாய், சாப்பாட்டில் ஒரு வாய் என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். அதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்தேன். அந்தச் சாமர்த்தியத்தில்தான் கல் வளர்ந்திருக்கிறது.

பக்கத்து மிஷின் அக்கா ஆஸ்டின் டவுன்காரி. விஷயத்தைக் கேட்டதும் பாஸை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள்.

“இனிமே இது இங்கயே கெடக்கட்டும். நீ போய்ட்டு வாம்மா, உன் காலரை நான் ஓட்டிடறேன்.”

மணிக்கொரு தரம் போனேன். “திரும்பவா? பேகா பேகா!” என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் அவசரப்படுத்துவார்.

“அவ என்ன சினிமாவுக்கா போறா சார்?” என்பாள் அக்கா, தலையை நிமிர்த்தாமலே. திரும்பி வந்தால் என் மேஜையில் ஒரு பீஸ்கூடத் தேங்கியிருக்காது.

ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தேன். புதுக் கல் எதுவும் இல்லை. லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். அக்கா வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்: “அப்போ இனிமே நாங்களும் தண்ணி குடிக்கலாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. முப்பது பேருக்கு இருந்தது ஒரே பாஸ், ஆறு மாதமும் அது என் கழுத்தில்தான் தொங்கியது. ஒருத்திகூட, ஒருநாள்கூட, அதை என்னிடம் கேட்கவில்லை.