உயிரோடு இருப்பவரை மட்டும் காட்டும் பெட்டி

படம் காட்டும் மிஷினில் எரிந்த கார்பன் குச்சியின் காந்தல் வாடையை நினைத்தாலே காலில் ஈர மணல் ஒட்டுவது போல இருக்கும். படவேட்டு டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, அம்மாவின் முந்தானைக்குள் பாதி முகத்தை ஒளித்துக்கொண்டுதான் அந்த வெள்ளைக்காரப் படத்தைப் பார்த்தேன். வாரம் ஒரு பாகம் காட்டுவார்கள். நட்சத்திரங்களுக்குப் பறந்து போகிறவர்களின் கதை. அவர்களிடம் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது; குமிழைத் திருகினால் எங்கோ இருப்பவர் அதில் தெரிவார். பாஷை புரியாத எங்களுக்குத் திரையோரம் ஒருவர் நின்று தமிழில் விளக்கிச் சொல்வார். "இந்தப் பொட்டி உசுரோட கீறவங்கள மட்டுந்தான் காட்டும்" என்றார் முதல் வாரம்.

வாணியம்பாடி தோல் மண்டிக்கு, தோல் பதனிடும் கடுக்காய் பொறுக்க ஜவ்வாது மலை ஏறிய அப்பா, எங்கள் "நைனா", மழைக்காலம் முடிந்தும் திரும்பாமலிருந்த நேரம் அது. தேடிப் போனவர்களுக்கு அவருடைய கூடை மட்டும் கிடைத்தது. காரியத்தைப் பண்ணிவிடலாம் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த முதல் வாரமே பெட்டிக்குள் ஒரு கூட்டம் தெரிந்தது. அதில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் திரும்பி எங்களையே பார்த்தார். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. எனக்கும் நைனாவின் முகம்தான் தெரிந்தது. வெள்ளைக்காரர் படத்தில் துண்டு கட்டினவர் ஏது என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை.

"அவரு உசுரோட கீறாருங்க, கொட்டாயில அந்தப் பொட்டில பாத்தேன், காரியம் வாணாம்" என்று அம்மா பெரியப்பாவிடம் சொன்னாள்.

"கொட்டாயில டிக்கெட்டு வாங்கிக்கினு உக்காந்திருந்தானா?" என்றார் அவர்.

அடுத்த வாரம், முதல் பாகத்திலேயே எரிந்து சாம்பலான தளபதி அதே பெட்டிக்குள் வந்து சிரித்தான். "செத்தவன் எப்டிடா வந்தான்?" என்று கொட்டகையே கத்தியது. அம்மா எழுந்து திரையோரம் போனாள்.

"இன்னாங்க, உசுரோட கீறவங்க மட்டுந்தான்னு சொன்னீங்களே?"

"நா இன்னாம்மா பண்றது? கதை எழுதினவன் மறந்துட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். வரப்பு மேல் வெகுதூரம் நடந்தவள், மலையைப் பார்த்தபடி நின்று சொன்னாள்: "நாம பாத்தது அவரத்தான். எங்கருந்து பாத்தாருன்னுதான் தெரியல." நானும் பார்த்தேன் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கவே இல்லை.

மறுநாள் காரியத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

போன வாரம் மலையைப் பிளந்த துப்பாக்கி இந்த வாரம் ஒரு கதவைத் திறக்கவில்லை என்று டிவி முன்னால் பேரப்பிள்ளைகள் இப்போது கூச்சல் போட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கொட்டகை இருந்த இடத்தில் கரும்பு நிற்கிறது. விளக்கம் சொன்னவர் எந்த ஊரோ, தெரியாது. அம்மாவும் போய்விட்டாள். அந்த முகத்தைப் பார்த்தவள் இனி நான் ஒருத்திதான்.